தொட்டிக்குப் போகும் முன்: வீட்டுக் குப்பை கேள்வி – பதில்

சமையலறைக் கழிவை உரமாக்குவது, பழைய பொருளை விற்பது, வீண் செலவைக் குறைப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

வீட்டுக் குப்பையில் உரம் தயாரித்தால் மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சமாகும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா? வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம்.
– வாசகி, ஆவடி

உரத்தால் மட்டும் அவ்வளவு வராது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பேர் வீட்டில் நாளுக்கு ஏறக்குறைய 700 கிராம் ஈரக்கழிவு சேரும். மாதத்துக்கு 20 கிலோ. காய்கறித் தோலில் எண்பது சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். அது வற்றி, மக்கி, சலித்து எடுத்தால் கையில் நிற்பது 4 அல்லது 5 கிலோ. கடை உரம் கிலோ 25 ரூபாய் என்று வைத்தாலும் 125 ரூபாய்தான் ஆகிறது. மாடியில் பத்துத் தொட்டி வைத்திருந்தால் அந்தப் பணம் மிச்சம். செடியே இல்லாத வீட்டில் அதுவும் இல்லை.

பணம் இருப்பது வேறு இடத்தில். ஒரே ஒரு வாரம் ஈரக்கழிவை இரண்டு பாத்திரத்தில் போடுங்கள். ஒன்றில் தோல், காம்பு, கொட்டை, காபித் தூள் சக்கை. இன்னொன்றில் சாப்பிட்டிருக்கக்கூடியது எல்லாம்: அழுகின தக்காளி, மஞ்சளான கொத்தமல்லி, புளித்துப்போன மாவு, மிஞ்சின சோறு. வாரக் கடைசியில் இரண்டாவது பாத்திரத்தை நிறுத்து, அதில் கிடப்பதற்குக் கொடுத்த விலையை எழுதிப் பாருங்கள். வாரம் 700 ரூபாய்க்குக் காய்கறி வாங்கும் வீட்டில் பத்தில் ஒரு பங்கு கெட்டால்கூட மாதம் 300 ரூபாய். உரத்தில் கிடைப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்தப் பாத்திரத்தில் அதிகம் விழுவது பெரும்பாலும் கொத்தமல்லி, புதினா, கீரை, தக்காளி. கொத்தமல்லியைக் கழுவி ஃபிரிட்ஜில் வைப்பதுதான் கெடுதல். இலையில் ஒட்டிய ஈரம் இரண்டே நாளில் அழுக வைக்கும். வேரை நறுக்கி, கழுவாமல் உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். கறிவேப்பிலையை உருவி, ஈரம் போக நிழலில் உலர்த்தி டப்பாவில் போடலாம். கீரையைச் சமைக்கும் நாளன்று வாங்குவது நல்லது. பழுத்த வாழைப்பழத்தை மற்றக் காய் பழத்தோடு ஒரே கூடையில் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு பக்கத்தில் இருப்பதையும் சீக்கிரம் பழுக்க வைத்துவிடும்.

இரண்டாவது மாடி ஃபிளாட். பால்கனி எட்டடிக்கு மூன்றடி. பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே முகம் சுளிப்பவர். நாற்றம் வராமல் உரம் போட முடியுமா? விலை கொடுத்து வாங்கும் அடுக்குத் தொட்டி கட்டாயமா?
– வாசகர், அம்பத்தூர்

கட்டாயமில்லை. மூன்றடுக்கு மண் தொட்டி அழகானது, ஈரத்தை நன்றாக இழுக்கும். ஆனால் 20 லிட்டர் பெயின்ட் வாளி மூன்று இருந்தால் அதே வேலை நடக்கும். பெயின்டிங் கான்ட்ராக்டரிடமோ பழைய சாமான் கடையிலோ கேட்டு வாங்குங்கள். தண்ணீர் கலக்கும் எமல்ஷன் பெயின்ட் வாளியாக இருக்கட்டும். காய்ந்த பெயின்டை உரித்துவிட்டுக் கழுவலாம். டர்பன்டைன் வாசம் அடிக்கும் ஆயில் பெயின்ட் வாளி வேண்டாம்.

ஒரு வாளி நிரம்பிக்கொண்டிருக்கும்போது மற்ற இரண்டும் மக்கிக்கொண்டிருக்கும். மூன்று வேண்டும் என்பது அதனால்தான். ஒன்றே ஒன்றை வைத்துத் தொடங்குபவர்கள் அது நிரம்பியதும் என்ன செய்வதென்று தெரியாமல் அரைகுறையாகக் கொட்டிவிடுகிறார்கள்.

ஒவ்வொரு வாளியிலும் பக்கச் சுவரில் 8 மில்லிமீட்டர் துளைகள், நான்கு அங்குலத்துக்கு ஒன்று வீதம் 20 முதல் 25 போடுங்கள், அடியில் பத்து. உள்பக்கம் பழைய கொசுவலையைக் கட்டினால் ஈ நுழையாது. இரண்டு செங்கல் மேல் வாளியை வைத்து, கீழே ஒரு தட்டு. அடியில் மூன்று அங்குலம் தேங்காய் நாரோ முறித்த குச்சியோ போடவேண்டும். இதை விட்டால் அடித்துளைகள் சேறாகி அடைத்துக்கொள்ளும். அதன்மேல் இரண்டு கைப்பிடி பழைய உரமோ காய்ந்த சாணத் தூளோ தூவுங்கள். கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடி தவறில்லை, ஆனால் அவசியமும் இல்லை. புளித்த மோர் ஒரு தம்ளர் தெளித்தாலும் போதும்.

அன்றாட வேலை இரண்டு நிமிடம். கழிவை ஓரங்குலத் துண்டாக நறுக்கி, சமையலறையிலேயே ஓட்டைக் கூடையில் நீரை வடியவிட்டுப் போடுங்கள். ஒரு கிண்ணம் ஈரக்கழிவுக்கு ஒரு கிண்ணம் நொறுக்கிய சருகு. தேங்காய் நார்த்தூள் என்றால் அரைக் கிண்ணம். இது எடைக் கணக்கு இல்லை, கொள்ளளவுக் கணக்கு. மேலே கழிவு எதுவும் கண்ணில் படாதபடி உலர்ந்த தூள் மூடியிருக்க வேண்டும். வாரம் இரண்டு முறை அடியிலிருந்து மேலாகக் கிளறுங்கள்.

நார்த்தூளில் ஒரு பிழை எல்லாரும் செய்கிறார்கள். 5 கிலோ கட்டியை வாங்கி, செடிக்குச் செய்வதுபோல் தண்ணீரில் ஊறவைத்து, அப்படியே வாளியில் போடுகிறார்கள். ஈரத்தை உறிஞ்ச வேண்டிய பொருள் தானே நனைந்து வந்தால் எதை உறிஞ்சும்? கட்டி பிரியும் அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்து, மொட்டை மாடியில் பரப்பி, கையில் எடுத்தால் உதிரும்வரை காயவைத்து சாக்கில் கட்டி வையுங்கள். ஒரு கட்டியில் 60 லிட்டருக்கு மேல் தூள் கிடைக்கும். மூன்று மாதத்துக்குக் கிட்டத்தட்டப் போதும். தெருவில் வேப்பமரமோ புங்கமரமோ இருந்தால் சருகு இலவசம். தச்சுப் பட்டறை மரத்தூள் நல்லதே, பிளைவுட் அறுத்த தூள் மட்டும் வேண்டாம். அதில் பசை கலந்திருக்கும்.

நறுக்குவது, உலர்ந்ததைச் சேர்ப்பது, கிளறுவது மூன்றும் ஒரே நோக்கத்துக்காகத்தான். மக்க வைக்கும் நுண்ணுயிருக்குக் காற்று வேண்டும். ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 25 முதல் 30 பங்கு கரிச்சத்து (கார்பன்) வேண்டும். பச்சைக் கழிவில் தழைச்சத்து அதிகம், சருகில் கரிச்சத்து அதிகம். இரண்டும் கலந்தால்தான் அந்தக் கணக்கு சரியாகும். சுருங்கிக்கொண்டே வருவதால் ஒரு வாளி நிரம்ப மூன்று, நான்கு வாரம் ஆகும். பிறகு மூடி வைத்து வாரம் ஒரு முறை கிளறினால் இன்னும் 45 முதல் 60 நாளில் தயார்.

நாற்றம் பற்றி: சரியாக நடக்கும் வாளியில் மழை பெய்த மண் வாசம் மட்டும் வரும். பக்கத்து வீட்டுக்காரருக்கு முதல் உரத்தில் ஒரு பை கொடுத்துவிடுங்கள்.

வாளியில் திடீரென்று நூற்றுக்கணக்கில் தடித்த புழுக்கள். சுவரில் ஏறி பால்கனித் தரையெல்லாம் ஊர்கின்றன. வெந்நீர் ஊற்றலாமா, ஃபினாயில் விடலாமா?
– வாசகி, திருச்சி

இரண்டும் வேண்டாம். ஃபினாயில் புழுவோடு நுண்ணுயிரையும் கொன்று உரத்தையும் கெடுத்துவிடும்.

முதலில் எந்தப் புழு என்று பாருங்கள். தட்டையாக, வரி வரியாக, வெளிர் நிறத்திலிருந்து கரும்பழுப்பு வரை, இரண்டு சென்டிமீட்டர் நீளம் இருந்தால் அது கறுப்புப் படைவீரன் ஈயின் புழு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இதுதான். இதன் ஈ குளவிபோல் மெலிந்து கறுப்பாக இருக்கும். கடிக்காது, கொட்டாது, நம் சாப்பாட்டில் வந்து உட்காராது. வளர்ந்த ஈ இரை தேடுவதே இல்லை. புழுதான் தின்னும், அதுவும் அசுர வேகத்தில். இந்தப் புழு விழுந்த வாளி மற்றதைவிடச் சீக்கிரம் சுருங்கும். மீன், கோழித் தீவனத்துக்காக இதையே பண்ணை வைத்து வளர்க்கிறார்கள்.

சுவரேறுவதற்கும் காரணம் உண்டு. முதிர்ந்த புழு கூட்டுப்புழு ஆவதற்கு முன்பு உலர்ந்த, இருட்டான இடம் தேடி மேலே ஏறும். தரையில் கிடப்பவை எல்லாம் கருத்தவையாகத்தான் இருக்கும், பாருங்கள். துடைப்பத்தால் கூட்டிக் கோழி வளர்ப்பவரிடம் கொடுங்கள், இல்லையென்றால் தோட்ட மண்ணில் விட்டுவிடுங்கள்.

கூர்முனையோடு வெள்ளையாக, மெல்லிசாக, ஒரு சென்டிமீட்டர் அளவில் நெளிந்தால் அது வீட்டு ஈயின் புழு. இதைத்தான் தவிர்க்க வேண்டும்.

இரண்டுக்கும் அழைப்பு ஒன்றே: ஈரம் அதிகம், சமைத்த உணவு அதிகம், மேல்மூடல் குறைவு. அன்றைக்கே இரண்டு அங்குலத்துக்கு உலர்ந்த தூள் கொட்டிக் கிளறி, மேலே இன்னொரு அங்குலம் போடுங்கள். ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கைத் தூவுங்கள். மூடிக்குக் கீழே கொசுவலையை இழுத்துக் கட்டுங்கள். ஒரு வாரம் சோறு, குழம்பு எதுவும் போடாமல் இருந்தால் அடங்கிவிடும். பழத்தைச் சுற்றும் பொடி ஈக்கு வேறு வழி: ஒரு கிண்ணத்தில் வினிகர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு வாளிக்குப் பக்கத்தில் வையுங்கள். எறும்பு வந்தால் மட்டும் பிரச்சினை நேர்மாறு. வாளி காய்ந்திருக்கிறது, தண்ணீர் தெளிக்க வேண்டும்.

ஒரு நாள் அழுகின முட்டை நாற்றம், இன்னொரு நாள் மூக்கைத் துளைக்கும் காரம். கீழே தட்டில் கறுப்புத் தண்ணீர் வேறு. எங்கே தப்பு?
– வாசகர், மதுரை

அழுகின முட்டை நாற்றம் என்றால் காற்றே இல்லாமல் உள்ளே அழுகுகிறது. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வந்தால் ஈரம் சரி. ஒழுகினால் அதிகம். கைவிட்டதும் உதிர்ந்தால் குறைவு. ஒழுகும் வாளியை ஒரு சாக்கில் கொட்டி, அரை மணி நேரம் ஆறவிட்டு, உலர்ந்த தூளோடு கலந்து திரும்ப நிரப்புங்கள். அழுத்தி நிரப்பக் கூடாது.

மூக்கைத் துளைக்கும் காரம் அம்மோனியா. கீரைத் தண்டு, பருப்பு, புண்ணாக்கு, சாணம் ஆகியவை கூடிப்போய், தழைச்சத்து வாயுவாக வெளியேறுகிறது. உரத்தில் நிற்க வேண்டிய சத்து காற்றில் போகிறது என்று அர்த்தம். சருகு சேர்த்தால் நின்றுவிடும்.

தட்டில் வடியும் நீரைச் செடிக்கு அமுதம் என்று சிலர் சொல்வார்கள். பாதி மக்கிய கழிவிலிருந்து வருவது அது. அப்படியே ஊற்றினால் வேர் கருகும், கிருமியும் இருக்கலாம். பத்து மடங்கு தண்ணீர் கலந்து பூச்செடி, குரோட்டன்ஸ் போன்றவற்றின் அடியில் மட்டும் ஊற்றுங்கள். கீரைக்கு வேண்டாம். தினமும் தட்டு நிறைந்தால் சேர்க்கும் உலர்பொருள் போதவில்லை.

மீன் செதில், முட்டை ஓடு, மிச்ச சாம்பார், எலுமிச்சைத் தோல், தேங்காய் ஓடு, வாழை இலை – எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது?
– வாசகி, தூத்துக்குடி

தோல், காம்பு, இலை, காபி டீ சக்கை, எண்ணெய் படிந்த காகிதம் எல்லாம் போகலாம். வாழை இலையைக் கிழித்துப் போடுங்கள். முழு இலை உள்ளே கூரைபோல் படுத்துக் காற்றை மறிக்கும். முருங்கைக்காய் சக்கை, மாங்கொட்டை, பொங்கல் முடிந்த கரும்புச் சக்கை போன்றவை மக்க ஆறு மாதமாகும். சலிக்கும்போது மேலே நிற்பதை எடுத்து அடுத்த வாளியின் அடியில் போட்டுவிடுங்கள், புது வாளிக்கு அதுவே உறைமோர் மாதிரி. முட்டை ஓட்டைக் காயவைத்து மிக்சியில் பொடித்தால்தான் பயன். முழு ஓடு வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். பூமாலையில் நூலையும் ஜரிகையையும் உருவிவிடுங்கள். டீ பேக் உறைகளில் பிளாஸ்டிக் இழை கலந்தவை இருக்கின்றன. கிழித்துத் தூளை மட்டும் போடுங்கள்.

சாம்பாரின் தண்ணீரை வடித்துவிட்டுக் காயை மட்டும் போடலாம், ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடிக்கு மிகாமல். உப்பும் எண்ணெயும் சேர்ந்துகொண்டே போனால் அந்த உரம் தொட்டி மண்ணில் உப்பை ஏற்றும். ஊறுகாய், கருவாடு அறவே கூடாது. எலுமிச்சைத் தோல் வாளிக்குச் சிறிய அளவில் பரவாயில்லை. தேங்காய் ஓட்டை வாளியில் போடாதீர்கள். கரி சுடுபவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

தூத்துக்குடியில் மீன் கழிவுதான் பெரிய கேள்வி. பால்கனி வாளிக்கு அது ஆகாது, பூனையும் ஈயும் சேர்ந்து வரும். அதை மீன் அமிலம் என்ற திரவ உரமாக்குங்கள். செதில், குடல், தலை எல்லாவற்றையும் கழுவாமல் நறுக்கி, ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ நாட்டுச் சர்க்கரையோ பொடித்த வெல்லமோ சேர்த்துப் பிசைந்து, பிளாஸ்டிக் டப்பாவில் முக்கால் அளவுக்கு மட்டும் நிரப்புங்கள். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. சேர்ந்தால் நொதிக்காமல் அழுகிவிடும். மூன்று நாளைக்கு ஒரு முறை மூடியைத் தளர்த்தி வாயுவை விடுங்கள். நிழலில் 21 நாளுக்கு மேல் இருந்தால் தேன் நிறத்தில் பழவாசம் வீசும் திரவம் கிடைக்கும். வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து மாலையில் இலையில் தெளிக்கலாம், வேருக்கு 10 மில்லி. நாற்றம் அடித்தால் சர்க்கரை குறைந்துவிட்டது என்று பொருள், இன்னும் கால் பங்கு சேருங்கள்.

நானே தயாரித்த உரம்தான். போட்ட பத்து நாளில் கத்தரிச் செடி மஞ்சளாகிவிட்டது.
– வாசகர், கோவை

முழுதாக மக்காத உரம். மண்ணுக்குள் போன பிறகும் மக்கும் வேலை தொடர்கிறது. அதற்கு வேண்டிய தழைச்சத்தை நுண்ணுயிர் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது, செடிக்கு இல்லாமல் போகிறது. மேலே போட்டதைச் சுரண்டி எடுத்து வாளியிலேயே திரும்பக் கொட்டுங்கள். 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, தெளிவைப் பத்து மடங்கு நீரில் கலந்து ஊற்றினால் செடி தேறும்.

தயாரா என்று பார்க்க நிறத்தை நம்பாதீர்கள், கறுப்பாக இருப்பது அழுகியும் கறுத்திருக்கலாம். ஒரு கைப்பிடியை நனைத்து மூடியுள்ள பாட்டிலில் மூன்று நாள் வையுங்கள். திறந்ததும் புளிப்போ அம்மோனியாவோ அடித்தால் இன்னும் ஆகவில்லை. அதைவிட நம்பகமானது விதைச் சோதனை. பாதி உரம் பாதி மண் கலந்து 20 வெந்தயம், வெறும் மண்ணில் 20 வெந்தயம் விதையுங்கள். ஐந்தாம் நாள் இரண்டிலும் முளைப்பு ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் போடலாம். 12 அங்குலத் தொட்டிக்கு மாதம் இரண்டு கைப்பிடி போதும். புதுத் தொட்டி நிரப்ப செம்மண், நார்த்தூள், உரம் மூன்றும் சம பங்கு. உரத்தில் மட்டுமே செடி வைக்கிறவர்களும் உண்டு. தண்ணீர் தேங்கி வேர் அழுகும்.

மண்புழு உரம் இதைவிட மேல் இல்லையா?
– வாசகி, தாம்பரம்

உரம் நல்ல உரம்தான். ஆனால் மண்புழு உயிருள்ளது, விடுமுறை கிடையாது. 35 டிகிரிக்கு மேல் சூடேறினால் சாகும். மே மாதச் சென்னைப் பால்கனி அதற்கு இடமில்லை. எலுமிச்சைத் தோல், வெங்காயம், உப்பு, காரம் எதுவும் ஆகாது. தோட்டமும் மர நிழலும் உள்ளவர்கள் செய்யட்டும்.

பழைய பேப்பர் கடையில் எதை எடுப்பார்கள், எதை எடுக்க மாட்டார்கள்? எப்படிக் கொடுத்தால் நல்ல விலை வரும்?
– வாசகி, சேலம்

விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். எதற்கு மதிப்பு அதிகம் என்ற வரிசை மட்டும் அதிகம் மாறாது: செம்பு, பித்தளை, அலுமினியம், எவர்சில்வர், இரும்பு, பிறகு பிளாஸ்டிக், காகிதம், அட்டை. இங்கிலீஷ் பேப்பருக்குத் தமிழ்ப் பேப்பரைவிடக் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூட உண்டு, அதனால் தனித்தனியாகக் கட்டுங்கள். கலந்து கொடுத்தால் எல்லாமே குறைந்த விலைக்குத்தான் போகும். இதுவே எல்லாப் பொருளுக்கும் பொருந்தும். பழைய மிக்சியை அப்படியே இரும்பு விலைக்குப் போடாதீர்கள், மோட்டாருக்குள் செம்புக் கம்பி இருக்கிறது; அதைச் சொல்லி விலை கேளுங்கள். வயரின் மேலுறையை எரித்துச் செம்பு எடுக்கக் கூடாது. புகை நஞ்சு, கருகின செம்புக்கு விலையும் இறங்கும். உலோகம் எதுவென்று தெரியாவிட்டால் ஃபிரிட்ஜ் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு. எடையில் சந்தேகம் வந்தால் தொங்கவிடும் டிஜிட்டல் தராசு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டிலேயே நிறுத்துக் கொடுங்கள்.

பிளாஸ்டிக்கில் அடிப்பக்க முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 1 தண்ணீர், ஜூஸ் பாட்டில். 2 ஷாம்பு, எண்ணெய் கேன். 5 டப்பா, வாளி. இவற்றைக் கடையில் எடுப்பார்கள். 6 என்று போட்ட தெர்மோகோல், பல அடுக்கு ஒட்டிய சிப்ஸ், பிஸ்கட் உறை, சாஷே ஆகியவற்றை எடுப்பதில்லை, ஏனென்றால் பிளாஸ்டிக்கையும் உலோகப் படலத்தையும் பிரிப்பது கட்டுப்படியாகாது. காகிதம், பிளாஸ்டிக், அலுமினியம் மூன்றும் ஒட்டிய ஜூஸ் அட்டைப் பெட்டியும் அப்படித்தான். இவற்றை உலர்கழிவாக மாநகராட்சி வண்டியில் கொடுங்கள். வழவழப்பான கடை பில்லைப் பேப்பரோடு சேர்க்காதீர்கள், அதில் ரசாயனப் பூச்சு உண்டு.

பால் கவருக்கு விலை உண்டு, ஆனால் பொறுமை வேண்டும். அரை லிட்டர் கவர் சுமார் 3 கிராம், கிலோவுக்கு 300-க்கு மேல் சேர வேண்டும். அதில் கவனிக்க வேண்டியது ஒன்று: மூலையை முழுதாக வெட்டி எறியாதீர்கள். அந்தச் சிறு முக்கோணம் சாக்கடைக்கும் மண்ணுக்கும் போய்விடும். யாராலும் பொறுக்க முடியாது. ஓரத்தைக் கீறி, துண்டு கவரோடு ஒட்டியிருக்கும்படி விடுங்கள். காலியானதும் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றி, கவரைக் குழாய்க்குப் பக்கத்தில் கிளிப்பில் தொங்கவிட்டால் மாலைக்குள் காய்ந்துவிடும். பால் ஒட்டிய கவர் கட்டை மூன்றாம் நாளே மூக்கைப் பிடித்துக்கொண்டு தூக்கி எறிய வேண்டிவரும்.

கண்ணாடி பாட்டிலுக்கு முழுசாக இருந்தால்தான் மதிப்பு. மது பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பினால் பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு 2022-ல் நீலகிரியில் தொடங்கியது. காட்டில் உடைந்த பாட்டில் யானைகளின் காலைக் கிழித்ததால் சென்னை உயர்நீதிமன்றத்தில் வந்த வழக்கின் விளைவு அது. வீட்டில் ஊறுகாய், ஜாம் பாட்டிலைக் காசுக்குப் போடுவதைவிட மளிகை நிரப்ப வைத்துக்கொள்ளலாம்.

நான் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்கள். பிறகு ஏன் பிரிக்க வேண்டும்?
– வாசகர், சென்னை

நியாயமான கோபம். திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-லேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஆபத்தான வீட்டுக் கழிவு என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லிவிட்டன. அள்ளும் இடத்தில் கலந்தால் சென்னையில் 1913-ஐ அழைத்துப் புகார் கொடுங்கள்.

ஆனால் நீங்கள் வண்டியை நம்பி இருக்க வேண்டியதில்லை. ஈரக்கழிவு வாளியிலேயே நின்றுவிட்டால் மிஞ்சுவது உலர்கழிவு மட்டும். அலசிக் காயவைத்தது நாறாது, மாதக்கணக்கில் சாக்கில் கிடக்கும். விற்பது கடைக்கு, மிச்சம் வண்டிக்கு. கலக்க உங்களிடம் ஈரமே இருக்காது. கொடுங்கையூர், பெருங்குடி குப்பை மேடுகளில் வாயுவும் தீயும் உண்டாக்கியதில் பெரும் பங்கு இந்த ஈரக்கழிவுக்குத்தான். மண்ணுக்குள் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வருகிறது. அங்கே சேர்ந்த பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிப்பதற்கு இப்போது நம் வரிப் பணத்தைச் செலவழிக்கிறோம்.

உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசியைத் தடித்த காகிதத்தில் சுற்றி மேலே எழுதிக் கொடுங்கள். தூய்மைப் பணியாளர் கையால்தான் பிரிக்கிறார். நாப்கின், டயப்பரையும் காகிதத்தில் சுற்றித் தனியாக. பேட்டரி, டியூப் லைட், காலாவதியான மாத்திரை ஆகியவைதான் ஆபத்தான வீட்டுக் கழிவு. ஈரக்கழிவோடும் போகக் கூடாது, உலர்கழிவோடும் போகக் கூடாது, தனியாகக் கொடுங்கள்.

அப்பளம், வடை சுட்ட எண்ணெய் மாதம் அரை லிட்டர் மிஞ்சுகிறது. சிங்கில் ஊற்றினால் அடைக்கிறது. சோப்பு செய்யலாமா?
– வாசகி, காரைக்குடி

செய்யலாம், துணிக்கும் பாத்திரத்துக்கும் மட்டும். இரண்டு மாதம் சேர்த்து ஒரு கிலோவாகச் செய்யுங்கள். எண்ணெயை மெல்லிய துணியில் வடிகட்டி நிறுத்து ஒரு கிலோ. சூரியகாந்தி, கடலை, நல்லெண்ணெய் என்றால் காஸ்டிக் சோடா 125 கிராம், தண்ணீர் 300 மில்லி. தேங்காய் எண்ணெய்க்கு சோடா 170 கிராம் தேவைப்படும், எனவே எதில் சுட்டது என்று தெரியாமல் கலந்து வைக்காதீர்கள். சோடாவை டிஜிட்டல் தராசில் நிறுக்க வேண்டும். கூடினால் கையைப் புண்ணாக்கும்.

கையுறை, கண்ணாடி அணிந்து, ஜன்னலைத் திறந்து, சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போடுங்கள். தண்ணீரைச் சோடாவில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். எவர்சில்வர் அல்லது கெட்டியான பிளாஸ்டிக் பாத்திரம்தான், அலுமினியத்தை அது அரித்துவிடும். கரைசல் கைச்சூட்டுக்கு ஆறியதும் எண்ணெயில் ஊற்றிக் கிளறுங்கள். மத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், கை பிளெண்டர் என்றால் பத்து நிமிடம். தூக்கி ஊற்றினால் மேற்பரப்பில் கோடு நிற்கும் பதம் வந்ததும் தட்டில் ஊற்றி, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ துண்டு போட்டு, காற்றாட ஐந்து வாரம் காயவையுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அவர்கள் பள்ளிக்குப் போன பிறகு செய்யுங்கள். அந்தப் பாத்திரமும் கரண்டியும் திரும்பச் சமையலுக்கு வரக் கூடாது.

மக்கும் பை என்று அச்சிட்ட கேரி பேக்கை உர வாளியில் போடலாமா?
– வாசகர், வேலூர்

வேண்டாம். அந்தப் பைகள் மக்குவதாகச் சோதிக்கப்படுவது 58 டிகிரி சூடு நிலையாக இருக்கும் பெரிய உர ஆலைகளுக்கான நிலைமையில். வீட்டு வாளி அந்தச் சூட்டை எட்டாது, ஆறு மாதம் கழித்தும் கந்தலாக வெளியே வரும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது. கடைக்குப் போகும்போது மஞ்சப் பை கொண்டுபோங்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வீடு. மட்டை, ஓலையை எரிக்காமல் என்ன செய்வது?
– வாசகர், ஆனைமலை

தேங்காய் மட்டையை எரிப்பது தண்ணீரை எரிப்பது மாதிரி. மரத்திலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, இரு வரிசைக்கு நடுவே நீள் குழி வெட்டி, மட்டையின் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்குங்கள். ஒவ்வோர் அடுக்கின் மேலும் கொஞ்சம் மண். மழைநீரை மட்டை பிடித்து வைத்துக்கொள்ளும், வேர் தேடி வரும். மழைக்காலத் தொடக்கத்தில் செய்யுங்கள். ஓலையைத் துண்டாக்கி மரத்தடியில் மூடாக்காகப் பரப்பலாம், தண்டை ஒட்டாமல் ஓரடி விட்டு. காண்டாமிருக வண்டு சாண எருக்குழியிலும் மக்கும் மரத்துண்டுகளிலும்தான் முட்டையிடும், எனவே எருக்குழியை மட்டும் தோப்பை விட்டுத் தள்ளி வையுங்கள், கிளறும்போது வெள்ளைப் புழு தென்பட்டால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள்.